சிம்ப்சன் பாலைவனம், மேற்கிலிருந்து கிழக்கே: ஆறு வண்டிக் கான்வாயின் நாட்குறிப்பு

புறப்படும் முன்: மவுண்ட் டேர்

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்துக்கு மேற்கு விளிம்பில் உள்ள மவுண்ட் டேரில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அடுத்த பம்ப் கிழக்கு விளிம்பில் உள்ள பேர்ட்ஸ்வில்லில்தான். பிரெஞ்ச் லைன் என்ற நேர்த்தடம் வழியே போனால் இடையில் ஏறக்குறைய 500 கி.மீ. தூரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒரு டாங்க் போதும் என்று சொல்பவர்கள் மணல் குடிக்கும் எண்ணெயைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தார்ச்சாலையில் 100 கி.மீ.க்கு 11 லிட்டரில் ஓடும் டீசல் வண்டி, முழுச் சுமையோடு, காற்று இறக்கிய டயரில், லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியர் வரிசை) மணல்மேடு ஏறும்போது 20 லிட்டர் கேட்கும். மணல் இளகிக் கிடந்தால் 25. ஆகவே ஓட்டத்துக்கு 125, அதற்கு மேல் கால் பங்கு கையிருப்பு என்று டீசல் வண்டி ஒவ்வொன்றுக்கும் 155 முதல் 160 லிட்டர். கான்வாயில் உள்ள ஒரே பெட்ரோல் வண்டிக்கு 200.

ஜெர்ரி கேன்களைக் கூரையில் கட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. 20 லிட்டர் கேன் ஒன்று எண்ணெயோடு ஏறத்தாழ 20 கிலோ. நான்கு கேன் என்றால் 80 கிலோ தலைக்கு மேல். மேட்டின் உச்சியில் வண்டி பக்கவாட்டில் சாயும்போது கவிழ்வதா நிற்பதா என்பதை அந்த 80 கிலோவே முடிவு செய்துவிடும். கூரை ரேக்குக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எடை பல நேரம் சாலைக்கு மட்டும்தான். கரடுமுரடான பாதைக்கு அதைவிடக் குறைவாகவே சொல்லியிருப்பார்கள். கேன்கள் பின்னச்சுக்கு முன்னால், தரையோடு தரையாக இருக்க வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. பயண நாட்களுக்கு மேல் குறைந்தது மூன்று நாள் கூடுதலாக. ஒரே பெரிய டாங்க்கில் அடைக்க வேண்டாம். ஒரு கல் பட்டு அடியில் ஓட்டை விழுந்தால் எல்லாம் போய்விடும். இரண்டு மூன்று கேன்களாகப் பிரித்து வைப்பது நல்லது.

தெற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு டெசர்ட் பார்க்ஸ் பாஸ் என்ற பூங்கா அனுமதி, குவீன்ஸ்லாந்துப் பகுதிக்குத் தனி முகாம் அனுமதி. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலின் கொடுமை காரணமாகப் பூங்காவே மூடியிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை போகலாம். பகலில் 20 டிகிரி வரும், விடியற்காலையில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். ஒவ்வொரு வண்டிக்கும் மணல் கொடி கட்டாயம்: முன் பம்பரில் நட்டால் கொடியின் உச்சி தரையிலிருந்து 3.5 மீட்டர். எதிரே வருபவருக்கு மேட்டின் மறுபுறம் முதலில் தெரிவது அந்தக் கொடிதான். கம்பு மெலிதாக இருந்தால் காற்றில் மடங்கிக் கொடி கீழே போய்விடும். கட்டி முடித்ததும் வண்டியை ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள்: மவுண்ட் டேர் – டல்ஹவுசி, சுமார் 70 கி.மீ.

மணல் இன்னும் வரவில்லை. ஆனால் வண்டிகளைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த 70 கி.மீ.தான். ஜிப்பர் எனப்படும் கூர்ங்கல் வெளி, அதன்மேல் வரிவரியாக அலை விழுந்த மண்சாலை. தார்ச்சாலைக் காற்றோடு, 36 பிஎஸ்ஐயில் (பிஎஸ்ஐ: டயர் காற்றழுத்த அளவு), இதில் இறங்கினால் டயர் கல்லுக்கு வளைந்து கொடுக்காது; கல்தான் டயரைக் கிழிக்கும். 26 முதல் 28 வரை இறக்கினோம், வேகம் 60-க்குள்.

காற்றழுத்தம் பார்க்க ஆறு வண்டிக்கும் ஒரே கேஜ். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இரண்டு கேஜ்கள் ஒன்றுக்கொன்று 2, 3 பிஎஸ்ஐ மாறிக் காட்டுவது சாதாரணம். நாளை 16-க்கு இறக்கும்போது அந்த வித்தியாசம் ரிம்மிலிருந்து டயர் கழன்று வரும் அளவுக்குப் பெரிது. எந்த கேஜ் சரி என்று வாதாடுவதில் பயனில்லை, எல்லாரும் ஒன்றையே நம்பினால் போதும்.

அலைச்சாலையில் ஷாக் அப்சார்பர் இடைவிடாமல் மேலும் கீழும் அடித்து உள்ளே எண்ணெய் சூடாகி நுரைக்கிறது. நுரைத்ததும் அது அதிர்வைத் தாங்காது. ஓட்டுபவருக்குப் பின்பக்கம் அலைபாய்வதுபோல் தெரியும். அப்போது நிறுத்தி அரை மணி ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கக் கூடாது, ராடில் உள்ள சீல் போய்விடும். நின்ற இடங்களில் பார்த்தவை: பேட்டரி டெர்மினல், பேட்டரியை இறுக்கும் பட்டை, ஷாக் மேல் புஷ், கூரை ரேக்கின் போல்ட். ஒரு பிக்கப்பில் பேட்டரிப் பட்டையின் நட்டு இரண்டு சுற்று தளர்ந்திருந்தது. விட்டிருந்தால் பிரெஞ்ச் லைனின் குலுக்கலில் பேட்டரி சாய்ந்து டெர்மினல் பானட்டில் உரசியிருக்கும்.

டபுள் கேப் பிக்கப் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பின்னச்சுக்குப் பின்னால் சுமையைக் குவித்து, தொய்ந்த பின்பக்கத்தைத் தூக்க ஏர்பேக் (ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பொருத்தும் காற்றுப்பை) போட்டால், லீஃப் ஸ்பிரிங்கின் இரு முனைகளில் பரவ வேண்டிய பாரம் சேஸியின் நடுவில் ஒரே இடத்தில் ஏறுகிறது. மேட்டிலிருந்து தொப்பென்று இறங்கும்போது கேபினுக்கும் தொட்டிக்கும் இடையில் சேஸி வளைவது இதனால்தான். ஏர்பேக் சுமை தாங்கும் திறனைக் கூட்டாது, உயரத்தை மட்டும் கூட்டும். இரண்டு ஸ்பேர் டயரையும் தண்ணீர் டாங்க்கையும் பின் கதவோரம் வைத்திருந்த வண்டியில் தண்ணீரை கேபினை ஒட்டி மாற்றி வைத்தோம்.

டல்ஹவுசியில் கிரேட் ஆர்டீசியன் பேசின் எனும் நிலத்தடி நீர்ப்படுகையின் வெந்நீர் ஊற்று, இரவு முகாம். காலணிகளை வெளியே விட வேண்டாம், டிங்கோ எனும் காட்டுநாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இரண்டாம் நாள்: டல்ஹவுசி – பர்னி போர் – பிரெஞ்ச் லைன் தொடக்கம்

பர்னி போர் வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் தேடித் துளைத்த கிணறு, வெந்நீர் வடிந்து உண்டான ஈரநிலம், பறவைகள். அதைத் தாண்டியதும் காற்று இறக்கும் வேலை.

முன் டயர் 16, பின் டயர் 18. சுமை அதிகமுள்ள பிக்கப்பின் பின்பக்கம் 20. காற்று இறங்கும்போது டயர் தரையில் பதியும் தடம் அகலத்தில் அவ்வளவாகக் கூடாது, நீளத்தில்தான் கூடும். அதனால் மணலைத் தோண்டாமல் அதன்மேல் மிதித்துப் போகிறது. காலைக் குளிரில் 16 வைத்தால் மதியத்துக்குள் 19, 20 காட்டும். அதை மீண்டும் இறக்கக் கூடாது. ஆனால் 16-இல் தொடங்கி 22-க்குப் போனால் காற்று போதவில்லை, டயர் அளவுக்கு மீறி மடங்கிச் சூடாகிறது என்று பொருள்: வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லது 2 பிஎஸ்ஐ ஏற்ற வேண்டும். 16-இல் 40 கி.மீ. வேகமே உச்சம். பீட்லாக் (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத ரிம்மில் 12-க்குக் கீழே போவது டயரைக் கழற்றி எறிவதற்குச் சமம்.

மேற்கிலிருந்து கிழக்கே போவதற்குக் காரணம் மேடுகளின் வடிவம். மேற்குச் சரிவு சாய்வாகவும் கிழக்குச் சரிவு செங்குத்தாகவும் இருக்கிறது. இப்படிப் போனால் சாய்வில் ஏறி, செங்குத்தில் இறங்கலாம். இதில் ஒரு தொல்லையும் உண்டு. காலை 7 மணிக்குக் கிளம்பினால் ஒவ்வொரு உச்சியிலும் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், எதிர்க்கொடி தெரியாது. 8.30-க்கு மேல் கிளம்புவதே சரி. கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவைக்க வேண்டும். உட்பக்கத் தூசிப் படலம்தான் வெயிலில் வெள்ளையாகிறது.

பிரெஞ்ச் லைன் 1960-களில் எண்ணெய் தேடிய பிரெஞ்ச் பெட்ரோலியம் நிறுவனம் நில அதிர்வு ஆய்வுக்கு வெட்டிய நேர்கோடு. ஆய்வுக் கோடு என்பதால் மேடு எது பள்ளம் எது என்று பார்க்காமல் எல்லாவற்றின் குறுக்கேயும் போகிறது. துளையிடும் கருவிகளை ஏற்றிச் செல்லப் போட்ட ரிக் ரோடு அப்படியல்ல, வளைந்து போகும், களிமண் பூச்சு உண்டு, தூரம் அதிகம். கான்வாயில் புதியவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் ரிக் ரோடுதான் புத்திசாலித்தனம். பெயருக்காக பிரெஞ்ச் லைனைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாம் நாள்: பிரெஞ்ச் லைன் முழுவதும்

ஒரு நாள் முழுக்க ஓட்டியும் சராசரி வேகம் 20 கி.மீ.யைத் தொடவில்லை. இந்தப் பாலைவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேடுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கின்றன. மேற்கில் சிறியவை, நெருக்கமானவை. கிழக்கே போகப் போக உயரமும் கூடும், இடைவெளியும் கூடும்.

மேட்டை விடவும் அதன் ஏற்றத்தில் விழுந்திருக்கும் குழி வரிசைதான் தலைவலி. ஒரு குழியில் முன் சக்கரம் இறங்கும்போது அடுத்த மேட்டில் பின் சக்கரம் தூக்கிக்கொள்ளும், எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் அந்தரத்தில் சுழலும். காற்றை இறக்காமல் வந்த வண்டிகள் பிடிமானம் போய்ச் சக்கரம் சுழற்றித் துள்ளித் துள்ளித் தோண்டியவை இந்தக் குழிகள். டிரெய்லர் இழுத்து வருபவர்களால் இது பல மடங்கு மோசமாகிறது. பூங்கா நிர்வாகம் டிரெய்லர் வேண்டாம் என்று சொல்வது சும்மா அல்ல.

இத்தகைய ஏற்றத்தில் வேகம் உதவாது. வேகமாக அடித்தால் துள்ளல் கூடி, துள்ளும்போது டயர் தரையிலேயே இருக்காது. லோ ரேஞ்ச், இரண்டாவது அல்லது மூன்றாவது கியர், ஒரே சீரான மிதி. ஏற்றத்தின் நடுவில் கியர் மாற்றக் கூடாது. கிளட்ச் மிதித்த அரை நொடியில் மணல் வண்டியைப் பிடித்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் முறைக்கு மாற்றிக் கியரைப் பிடித்துவைக்க வேண்டும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்க வேண்டும், ஏனென்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் அது இன்ஜின் விசையைக் குறைத்துவிடும். பல வண்டிகளில் லோ ரேஞ்சுக்குப் போனதும் தானாக அணையும்; சிலவற்றில் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். டிராக்ஷன் கன்ட்ரோலை விட்டுவைக்கலாம், தூக்கிய சக்கரத்தைப் பிரேக் பிடித்து மற்றதற்கு விசை கொடுக்கிறது. பின் டிஃப் லாக் (பின்னச்சின் டிஃபரன்ஷியலைப் பூட்டி இரு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுழற்றுவது) நேர் ஏற்றத்துக்கு மட்டும். லாக் போட்டபடி திருப்பினால் வண்டி திரும்பாமல் நேராகவே தள்ளிக்கொண்டு போகும்.

உச்சிக்கு இரண்டு வண்டி நீளம் இருக்கும்போது மிதியை விட வேண்டும். மீதி வேகமே மேலே கொண்டுபோய் வைக்கும். மறுபுறம் பாதை வலமோ இடமோ திரும்பியிருக்கலாம், எதிரே வண்டி நிற்கலாம்.

ஏற முடியாமல் நின்றுவிட்டால் உடனே மிதியை விட வேண்டும். மூன்று நொடி சுழற்றினால் அச்சு வரை புதைந்துவிடும், அதைத் தோண்ட அரை மணி ஆகும். ரிவர்ஸ் கியரில், ஏறிய தடத்திலேயே, நேராகப் பின்வாங்க வேண்டும். கிளட்ச்சை மிதித்து உருட்டவும் கூடாது, மேட்டில் திருப்பவும் கூடாது. வண்டி குறுக்கே திரும்பினால் கீழ்ப்பக்க டயர் மணலில் செருகிக் கவிழ்ந்துவிடும். கீழே வந்து 2 பிஎஸ்ஐ இறக்கிவிட்டு மறுபடி ஏறலாம். இன்று பெட்ரோல் வண்டி 18-இல் இரண்டு தடவை நின்ற மேட்டில் 15-க்கு இறக்கியதும் மெதுவாகவே ஏறிப்போனது.

ரேடியோ ஒழுங்கு: யூஎச்எஃப் 10-ஆம் சேனல். முன் வண்டி ஒவ்வொரு பெரிய மேட்டுக்கும் சற்று முன்னால் ‘ஈஸ்ட் பவுண்ட், சிக்ஸ் வெஹிக்கிள்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், எதிரே வருபவருக்குப் புரிவதற்காக. உச்சியைத் தாண்டியதும் ‘க்ளியர்’. அது வந்த பிறகே அடுத்த வண்டி ஏறத் தொடங்கலாம். ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஏறினால் முன்னவர் பின்வாங்க இடம் இருக்காது. கடைசி வண்டியில் அனுபவசாலி, நல்ல ஏரியல், மீட்புச் சாமான். கனமான வண்டி இரண்டாவதாக வரட்டும். அது நின்றுபோனால் முன்னும் பின்னும் உதவிக்கு ஆள் இருக்கும். கையில் பிடிக்கும் சின்ன ரேடியோ மட்டும் வைத்திருப்பவர் மேட்டின் மறுபக்கம் போனதும் காணாமல் போகிறார். வண்டியில் பொருத்திய 5 வாட் ரேடியோ வேண்டும்.

மதியத்துக்குப் பிறகு ஒரு பிக்கப் உட்கார்ந்தது. வரிசை எப்போதும் இதுதான்: முதலில் மண்வெட்டி. நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் சரிவாக வெட்டி, டிஃப் அடியில் தங்கியிருக்கும் மணலை இழுத்துப் போட வேண்டும். வயிறு மணலில் பதிந்திருக்கும் வரை எந்தக் கயிறும் வீண். அடுத்து காற்றை இன்னும் இறக்குவது. பிறகு மீட்புப் பலகை: சக்கரத்துக்கு அடியில் செருகி, மிதியை மெல்ல. சுழற்றினால் பலகையின் பற்கள் உருகிப்போகும். பெரும்பாலும் இங்கேயே வேலை முடிந்துவிடும். இன்றும் முடிந்தது.

கயிறு கடைசி வழி. நீண்டு சுருங்கும் இழுவிசைப் பட்டையின் அறுபடும் பலம், இலகுவான வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு: 3 டன் வண்டிக்கு 8 டன் பட்டை. மிகக் கனமான பட்டை நீளாது, அதிர்ச்சி அப்படியே சேஸிக்குப் போகும். எடை குறித்த மீட்புக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். டோ பால் எனப்படும் இழுவைக் குமிழில் மாட்டவே கூடாது. அது உடைந்து பீரங்கிக் குண்டாகப் பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. பட்டையைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு ஷாக்கிளின் பின்னை முழுவதும் இறுக்கிவிட்டு அரைச் சுற்று தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் இழுவைக்குப் பின் கழற்ற வராது. 9 மீட்டர் பட்டையில் 2 மீட்டர் தொய்வு போதும். நடுவில் கனமான போர்வை ஒன்று. மற்றவர்கள் பட்டை நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில். யாராவது வீடியோ எடுக்கக் கிட்டே வந்தால் இழுப்பதை நிறுத்த வேண்டும்.

இரவு முகாமில் ஒவ்வொருவரும் வண்டிக்கடியில் விளக்கு பிடித்துப் பார்க்க வேண்டிய ஒன்று ஸ்பினிஃபெக்ஸ் புல். பிசின் கொண்ட காய்ந்த புல், எக்ஸாஸ்ட்டுக்கும் அடிக்காப்புத் தகட்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். புதிய டீசல் வண்டிகளில் டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டி தானாக எரித்துச் சுத்தம் செய்யும்போது எக்ஸாஸ்ட் வழக்கத்தைவிடப் பல மடங்கு சூடாகிறது. இரண்டும் சேர்ந்தால் வண்டி தீப்பிடிக்கும், அதை அணைக்க இங்கே யாரும் வரமாட்டார்கள். பொத்தான் வைத்துக் கையால் எரிக்கும் வசதி இருந்தால் பாலைவனத்துக்குள் நுழையும் முன்பே வெற்றுத் தரையில் எரித்து முடிப்பது நல்லது. ரேடியேட்டர் முன் விதைவலை போட்டவர்கள் அதையும் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், அடைத்தால் இன்ஜின் சூடேறும்.

நான்காம் நாள்: போப்பல் முனை, க்யூஏஏ லைன்

தெற்கு ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்து, வடக்குப் பிரதேசம் மூன்றும் சந்திக்கும் இடம். 1880-இல் அகஸ்டஸ் போப்பல் அளந்து நட்ட கம்பம் தப்பான இடத்தில் நின்றது. அளந்த சங்கிலி ஓர் அங்குலம் நீண்டிருந்ததால் உப்பேரிக்குள் போய்விட்டது, பிறகு லாரன்ஸ் வெல்ஸ் கிழக்கே மாற்றி நட்டார். வங்கங்குரு மக்கள் மிகிரி எனும் கிணறுகளை நம்பி வாழ்ந்த நிலம் இது. 1936-இல் டெட் கோல்சன், பீட்டர் எயின்ஸ் என்ற பழங்குடியினரோடு ஒட்டகத்தில் கடந்தார். 1962-இல் புவியியலாளர் ரெக் ஸ்ப்ரிக் குடும்பத்தோடு நிசான் பேட்ரோலில் கடந்ததே முதல் மோட்டார் பயணம். அப்போது பிரெஞ்ச் லைனும் கிடையாது.

முனையிலிருந்து வடக்கே போய், கிழக்கே செல்லும் க்யூஏஏ லைன் தடத்தைப் பிடிக்க வேண்டும். உப்பேரி வெள்ளையாக, இறுகிக் காய்ந்ததாகத் தெரியும். மேல்தோல் அரை அங்குலம்தான், அடியில் சேறு. தடம் போகும் இடத்தைவிட்டு ஒரு சக்கரம்கூட விலகக் கூடாது. அதில் புதைந்தால் பலகையும் கயிறும் பயன்படாது, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சுக்குக் கட்ட மரமும் கிடையாது. மழை பெய்திருந்தால் பாதையே மூடியிருக்கும். புறப்படும் முன் பூங்கா அறிவிப்பைப் பார்க்காமல் வருவது பாதி வழியில் 300 கி.மீ. திரும்பிப்போகும் ஆபத்து. அதற்கு எண்ணெய் எங்கிருந்து வரும்?

இங்கே மேடுகள் உயரம், ஆனால் இடைவெளியில் தரை நல்லது. ஓட்டுநர்கள் இடைவெளியில் 60 பிடிக்கிறார்கள், 16 பிஎஸ்ஐயில் அது டயர் சுவரைச் சமைக்கும் வேலை. நிற்கும்போது கையால் தொட்டுப் பார்த்தால் தெரியும்: கை வைக்க முடியாத சூடு என்றால் வேகம் அதிகம்.

ஏர் ஃபில்டரையும் இன்று திறந்தார்கள். தூசியைத் தட்டலாம், வெளிப்பக்கமிருந்து காற்றடிக்கக் கூடாது. நுண்தூசி தாளுக்குள் ஏறி மறுபுறம் போய்விடும். சீல் உட்காரும் விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூடினால்தான் ஃபில்டர் வேலை செய்யும். பின்னால் வரும் வண்டிகள் முன்வண்டியின் தூசி அடங்கும் இடைவெளி விட்டாலே இந்த வேலை பாதியாகும்.

ஐந்தாம் நாள்: ஐர் க்ரீக், பிக் ரெட், பேர்ட்ஸ்வில்

ஐர் க்ரீக் ஓடை காய்ந்திருந்ததால் நேராகக் கடந்தாயிற்று. வடக்கே வெள்ளம் வந்த ஆண்டுகளில் நெடுந்தூரம் சுற்ற வேண்டியிருக்கும், 160 லிட்டர் கணக்கில் கையிருப்பு வைத்தது அதற்காகவும்தான்.

பிக் ரெட் என்ற மணல்மேடு சுமார் 40 மீட்டர் உயரம், பேர்ட்ஸ்வில்லுக்கு மேற்கே ஏறத்தாழ 35 கி.மீ. மேற்கிலிருந்து வருபவர்களுக்கு ஏற்றம் சாய்வான பக்கம் என்றாலும் மேல்மணல் பொடியாக இருக்கும். 14 பிஎஸ்ஐ, இரண்டாவது தடவை முயல்வதானால் 12. பல தடங்கள் ஏறுகின்றன; உச்சிக்கு முதலில் நடந்து போய் எது எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும், வார இறுதியில் எதிரிலிருந்து வண்டிகள் வரும். நடந்து போக வெட்கப்படுபவர்தான் பின் கண்ணாடியைப் பார்த்தபடி இறங்குகிறார். ஏற முடியாவிட்டால் சுற்றிப் போகும் பாதை இருக்கிறது, அதில் போவதில் குறையொன்றும் இல்லை.

பேர்ட்ஸ்வில்லில் முதல் வேலை காற்றேற்றுவது. கம்ப்ரசரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போகும்; நல்ல கம்ப்ரசர் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பேட்டரியில் நேராகக் கிளிப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு ஏற்ற வேண்டும். நான்கு டயருக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் நடுவில் ஆற விட வேண்டும். கொடிக் கம்பைக் கழற்றிவிட்டு அடியில் படுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: ஷாக்கில் எண்ணெய் கசிவு, ஸ்பிரிங்கின் நடு போல்ட், ஏர்பேக் பிராக்கெட்டுக்கு அருகே சேஸியில் பெயின்ட் விரிசல், டயர் உட்பக்கச் சுவரில் குச்சி குத்திய தடம். வெளிச்சுவரை எல்லாரும் பார்க்கிறார்கள், உட்சுவரை யாரும் பார்ப்பதில்லை. இன்று ஒரு டயரில் அங்கேதான் விரல்நகம் நுழையும் வெட்டு இருந்தது. அதை ஸ்பேருக்கு மாற்றியாயிற்று, ஏனென்றால் தெற்கே மாரீ என்ற ஊர் வரை பேர்ட்ஸ்வில் டிராக் 517 கி.மீ., அதிலும் கூர்ங்கல் உண்டு. அதற்குச் சுமையேற்றிய வண்டிக்கு முன்னால் 28, பின்னால் 32.